ஆயிலில் கூலன்ட் கலந்தால்: பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் விலை, சுங்கக் கட்டணம், காப்பீட்டுத் தொகை, வாடகை நிர்ணயம் என்று லாரித் தொழிலின் சிரமங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. அவையெல்லாம் வேண்டிய செய்திகளே. ஆனால் ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு, தானே ஓட்டிப் பிழைக்கும் உரிமையாளரை ஃபைனான்ஸ் டியூ கட்ட முடியாத நிலைக்குத் தள்ளுவது பல நேரங்களில் எதிர்பாராமல் வந்து நிற்கும் இன்ஜின் வேலைதான். அதிலும் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், இன்ஜின் ஆயிலில் கலந்துவிட்டது என்று தெரிந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பாகத்தை, தூக்குவதும், இன்ஜினை இறக்கிப் பிரித்துப் போடுவதும் எங்கள் பகுதிப் பட்டறைகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. நாமக்கல்லில் டீசல் இன்ஜின் வேலை செய்துவரும் மெக்கானிக் என்ற முறையில், இந்த வழக்கம் மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தப் பழுதை யாரும் சிறிதாக எண்ணிவிடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஸ்டன்களின் அசைவால் சுழலும் கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் உரசிக்கொள்ளாமல் சுழல்வதற்கு இடையில் நிற்கும் மெல்லிய ஆயில் படலமே காரணம். தண்ணீர் கலந்த ஆயிலுக்கு அந்தப் படலத்தைத் தாங்கும் வலு இருப்பதில்லை. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் ஆயிலோடு சேர்ந்து பிசுபிசுத்த கசடாகி ஃபில்டரை அடைக்கும். சூட்டில் சிதைந்து அமிலமாகி பேரிங்கின் மேற்பூச்சை அரிக்கும். ஆயிலில் கூலன்ட் இருப்பது உறுதியான பிறகும் லோடை இறக்கிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால், இரு பாகங்களுக்கு இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் ஒன்றோடு முடிய வேண்டிய வேலை, தேய்ந்த கிராங்கைக் கடைந்து சரிசெய்யும் கிராங்க் கிரைண்டிங் வரைக்கும் போய்விடும். சாதாரண மோட்டார் காப்பீட்டில் இயந்திரப் பழுதுக்கு இழப்பீடு கிடையாது என்பதால், முழுச் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும். எனவே வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும். நான் நிதானம் வேண்டும் என்று கேட்பது அதற்குப் பிறகு நடக்கும் வேலையில்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் ஆயில் கேஜை உருவித் துடைத்துப் பார்க்கும் ஓட்டுநரின் கண்ணில்தான் இது முதலில் படும். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். வெளியில் எங்கும் ஒழுக்கு தெரியாமலே கூலன்ட் மட்டம் இறங்கியிருக்கும். கேஜில் ஒட்டியிருக்கும் ஆயில் பால் விட்ட காபியின் நிறத்துக்கு வந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருப்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த நிறத்தை மட்டுமே நம்பியிருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பார வண்டி நாள் முழுவதும் ஓடும்போது ஆயிலின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போவதால், சொட்டுச் சொட்டாகக் கசியும் தண்ணீர் ஆவியாகி, இன்ஜினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியே வெளியேறிவிடும். கிளைக்காலின் பெரும்பகுதி ஆயிலிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் எப்போதும் போலக் கருப்பாகவே இருக்கும். உள்ளே பேரிங் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே, ஒழுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நான்கு நாளைக்கு ஒருமுறை கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், அந்தச் சொல்லை உரிமையாளர் காதில் வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். இத்தகைய சிறு கசிவை ஆயில் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். துருத்தடுப்புக்காகக் கூலன்டில் சேர்க்கப்படும் சோடியம், பொட்டாசியம் உப்புகள் தண்ணீரோடு ஆவியாகிப் போவதில்லை. ஆய்வகத்தில் அவற்றின் அளவு வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், நிறம் மாறும் முன்பே விஷயம் தெரிந்துவிடும்.

மட்டம் ஏறினாலே கூலன்ட்தான் என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் ஒழுகினாலும், டீசல் பம்பின் சீல் போனாலும் ஆயில் மட்டம் ஏறும்; அப்போது ஆயில் நீர்த்துப்போய், முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும்; கூலன்ட் மட்டம் குறைந்திருக்காது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணுரை படிந்து, கேஜில் உள்ள ஆயில் தெளிவாக இருந்தால், மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடிய வண்டியில் காற்றின் ஈரம் படிந்ததாகவும் இருக்கலாம். 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் டிசம்பர் வெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோது நிகழ்ந்ததுபோல, இன்ஜின் வரைக்கும் தண்ணீரில் நின்ற வண்டியில் கேஜ் குழாய் வழியாகவும் பிரீதர் வழியாகவும் வெறும் தண்ணீர் இறங்கியிருக்கும். அதற்கும் கூலிங் அமைப்புக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த வண்டியின் ஹெட்டைத் தூக்குவதில் எந்தப் பயனும் இல்லை.

கூலன்ட்தானா என்று உறுதிசெய்துகொள்ளச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. வண்டியை இரவு முழுவதும் சமதரையில் நிறுத்தி வைக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பரின் டிரெயின் போல்ட்டை முழுவதும் கழற்றாமல், ஆயில் கசியத் தொடங்கும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலை அடியில் பிடிக்க வேண்டும். கூலன்ட் ஆயிலைவிடக் கனமானது என்பதால் சேம்பரின் அடியில் தங்கி, முதலில் அதுதான் வரும். பாட்டிலின் அடியில் பச்சையாகவோ சிவப்பாகவோ அரை விரற்கடை தேங்கி, அதன்மேல் கருப்பு ஆயில் வந்து உட்காருவதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம். இரண்டும் பிரியாத அளவுக்குக் கலந்து போயிருந்தால், இரும்புத் தகடு ஒன்றைத் தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டி, 130 முதல் 150 டிகிரி வரை காய்ச்சி, சந்தேகமான ஆயிலில் ஒரு சொட்டும், பக்கத்தில் புது ஆயிலில் ஒரு சொட்டும் விட்டுப் பார்க்கலாம். புது ஆயில் சத்தமில்லாமல் பரவும். தண்ணீர் கலந்தது சடசடவென்று பொரிந்து குமிழி விடும். சொட்டு தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளாமல் இதைச் செய்யக் கூடாது. விரலில் தொட்டு நாக்கில் வைத்து இனிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் விஷம். அந்தப் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

இனி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலான பட்டறைகள் யோசிக்காமல் ஸ்பேனரை எடுத்துவிடுகின்றன. இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 5 கிலோ வரை இருக்கும். கூலன்டின் அழுத்தமோ ரேடியேட்டர் மூடி தாங்கும் அளவுதான். அது ஏறத்தாழ 1 கிலோ. கூலன்டைக் கொண்டு ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலரில் வெடிப்பு விழுந்திருந்தால், ஓடும்போது அழுத்தம் கூடிய ஆயில் கூலன்டுக்குள் புகும். நிறுத்தியவுடன் ஆயில் அழுத்தம் இறங்கிவிட, சூடாக இருக்கும் கூலன்ட் தன் அழுத்தத்தோடு அதே வெடிப்பின் வழியே ஆயிலுக்குள் திரும்பி வரும். ஆகவே ரேடியேட்டரைத் திறந்தால் ஆயில் மிதக்கிறது, சேம்பரிலும் கூலன்ட் இருக்கிறது என்றால், முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது ஆயில் கூலரை. அதன் ஒரு பக்கத்து வழிகளை அடைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் காற்று கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சூடாக்காத தண்ணீரில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று திருப்பி மாட்டுவது போதாது. சில வெடிப்புகள் சூட்டில்தான் விரியும்.

ரேடியேட்டரில் ஆயிலே இல்லை, சேம்பரில் மட்டும் கூலன்ட் இருக்கிறது என்றால், ஆயில் அழுத்தம் எட்டாத ஓர் இடத்தில் கசிவு இருக்கிறது என்று கொள்ளலாம். பிஸ்டன் ஓடும் உருளை உறையான லைனரின் அடியில் இருக்கும் ஓரிங் என்ற ரப்பர் வளையம், லைனரில் விழுந்த ஊசித்துளை, இன்ஜினின் முன்பக்க மூடியும் வாட்டர் பம்பும் சேரும் இடத்துக் கேஸ்கெட், பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் கம்ப்ரஸர் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். ஸ்டார்ட் செய்தவுடன் ரேடியேட்டரில் குமிழி கிளம்பி, இன்ஜின் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகி, சைலன்சரில் வெண்புகையும் வந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டையும் ஹெட்டில் வெடிப்பையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள்ளேயே இறங்கி நிற்கக்கூடும். காலையில் தெரியாமல் செல்ஃப் அடித்தால், அழுந்தாத தண்ணீரின் மேல் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தால் எந்தச் சிலிண்டரில் தண்ணீர் நிற்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் கூலர் வைத்த பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிகளில் அந்தக் கூலரும் சோதிக்க வேண்டிய இடமே. அதில் கசியும் கூலன்ட் பெரும்பாலும் புகையோடு போய்விடும், கசிவு பெரிதானால் சிலிண்டர் வழியாக ஆயிலுக்கும் வந்து சேரும்.

எந்த இன்ஜின் என்று தெரிந்துகொள்ளாமல் சந்தேகப் பட்டியல் போடுவதும் நடக்கிறது. டாடா லாரிகள் பலவற்றில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினில் தண்ணீர் சூழ நிற்கும் லைனரே கிடையாது. பிளாக் எனப்படும் இன்ஜினின் இரும்பு உடலிலேயே துளைத்த சிலிண்டர்கள்தான். அதன் ஆயில் கூலர் பிளாக்கின் பக்கவாட்டில், ஃபில்டர் ஹெட்டுக்குப் பின்னால், கூலன்ட் ஓடும் குழிக்குள்ளேயே அமர்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு வண்டிக்கு லைனர் ஓரிங் மாற்றியதாக எழுதிய பில்லை உரிமையாளர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். அந்த இன்ஜினில் இல்லாத ஒரு பொருளுக்கு அவர் பணம் கொடுத்திருக்கிறார். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள அவருக்கு வாய்ப்பில்லை. தெரிந்து சொல்ல வேண்டியவர் மெக்கானிக்தான்.

மேற்கண்ட அடையாளங்களால் இடத்தைக் குறுக்கிக்கொண்ட பிறகு, முடிவாகக் காட்டிக்கொடுப்பது அழுத்தச் சோதனை. ஆயிலை இறக்கி, சேம்பரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து விளக்கடித்துப் பார்க்க வேண்டும். சொட்டு விழும் இடமே பழுது இருக்கும் திசையைச் சொல்லும். ஒரு லைனரின் அடியிலிருந்து வழிந்தால் ஓரிங் அல்லது பிளாக். சிலிண்டருக்குள்ளிருந்து பிஸ்டனை ஒட்டி இறங்கினால் ஹெட் கேஸ்கெட், ஹெட், அல்லது லைனர் துளை. முன்பக்கம் டைமிங் கியர் பெட்டியிலிருந்து வந்தால் வாட்டர் பம்ப் அல்லது கம்ப்ரஸர். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்துவிடக் கூடாது. சில கசிவுகள் ரப்பர் குளிர்ந்து சுருங்கிய பிறகே தெரியும் என்பதால், அழுத்தத்தை இரவு முழுவதும் விட்டு வைத்து, அடியில் சுத்தமான அட்டையை விரித்துவிட்டு, காலையில் பார்ப்பதே நல்லது.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மகாராஷ்டிராவுக்கு லோடு போய்வரும் ஒரு டாரஸ் லாரியை அதன் உரிமையாளரே என்னிடம் ஓட்டிக்கொண்டு வந்தார். வேறொரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைத் தூக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ரேடியேட்டரில் குமிழி வந்ததால் அப்படிச் சொன்னதில் முழுத் தவறும் இல்லை. நான் முதலில் ஏர் டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறக்கச் சொன்னேன். வழக்கமாக வரும் கலங்கல் தண்ணீருக்குப் பதிலாகப் பச்சை நிறத்தில் கூலன்ட் வந்தது. பிறகு சேம்பரைக் கழற்றி அழுத்தம் கொடுத்தபோது எந்த லைனரிலும் ஈரமில்லை. டைமிங் கியர் பெட்டிப் பக்கமிருந்து மட்டும் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. கம்ப்ரஸருக்குப் போகும் கூலன்ட் குழாய்கள் இரண்டையும் கழற்றி அடைத்துவிட்டு மறுபடி அழுத்தம் கொடுத்தோம், சொட்டு நின்றுவிட்டது. கம்ப்ரஸர் ஹெட்டின் கேஸ்கெட் எரிந்து போயிருந்தது. கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அந்தக் காற்று கூலன்டுக்குள் போய் ரேடியேட்டரில் குமிழியாகியிருக்கிறது. வண்டி நின்றபோது கூலன்ட் கம்ப்ரஸருக்குள் வந்து, அதன் ரிங்குகளைத் தாண்டி, ஆயில் திரும்பும் வழியாக இன்ஜின் சேம்பரில் இறங்கியிருக்கிறது. பிரேக் வால்வுகளுக்கும் கேடு செய்யும் பழுது இது. கம்ப்ரஸர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்கி, கேஸ்கெட் மாற்றி, பேரிங்குகளைக் கழற்றிப் பார்த்து, ஏர் டேங்குகளைச் சுத்தம் செய்து வண்டியை அனுப்பினோம். இன்ஜின் ஹெட்டைத் தூக்கியிருந்தால் அந்தச் செலவும் ஆகி, பழுதும் அப்படியே இருந்திருக்கும்.

லைனர் ஏன் துளை விழுகிறது என்பதையும் உரிமையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதைத் தடுப்பது அவர்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை எரியும்போதும் பிஸ்டன் பக்கவாட்டில் அறைவதால் லைனர் நுண்மையாக அதிரும். அதைச் சூழ்ந்த கூலன்டில் ஆவிக் குமிழிகள் தோன்றி, லைனரின் சுவரிலேயே வெடித்து, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்கும். கூலன்டில் சேர்க்கப்படும் நைட்ரைட் போன்ற வேதிப்பொருள்கள் சுவரின்மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி இதைத் தடுக்கின்றன. வழியில் மட்டம் இறங்கும்போதெல்லாம் தாபாவின் போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் அந்தப் பாதுகாப்பு நீர்த்துப்போகும். உப்புத் தண்ணீரின் படிவு வேறு சேரும். தொப்பூர் கணவாயில் பாரத்தோடு ஏறும் வண்டி சூடாவதற்கும் இந்தப் படிவே பாதிக் காரணமாக இருக்கும். ஒழுக்கை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது இன்னும் மோசம். அது ஒழுக்கை அடைக்கும் முன் ஆயில் கூலரின் குறுகிய வழிகளை அடைத்துவிடும்; பிறகு செய்யும் அழுத்தச் சோதனையையும் பொய்யாக்கிவிடும்.

பழுது நீங்கிய பிறகு ஒரே ஒரு ஆயில் மாற்றத்தோடு வண்டியை லோடுக்கு அனுப்பிவிடுவதும் கூடாது. ஆயில் வழிகளிலும் கூலரிலும் தங்கிய கலவை புது ஆயிலையும் கெடுக்கும். மலிவான ஆயிலை ஊற்றிச் சிறிது நேரம் பாரமில்லாமல் ஓட்டி, சூட்டோடு இறக்கி, ஃபில்டரையும் மாற்றிய பிறகே நல்ல ஆயிலை ஊற்ற வேண்டும். சில நாள் ஓடியதும் அதையும் ஒருமுறை மாற்றிவிடுவது பேரிங்குக்கு நல்லது. சேம்பர் கழன்றிருக்கும்போதே இரண்டு பேரிங் மூடிகளையாவது திறந்து பார்த்துவிட வேண்டும். இறக்கிய கலவையைச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றாதீர்கள் என்றும் என் சக மெக்கானிக்குகளைக் கேட்டுக்கொள்கிறேன். கழிவு ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. கூலன்டின் இனிப்புக்கு நாயும் மாடும் வாய் வைத்துச் செத்துப்போகும்.

தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலரிடம் சில கோரிக்கைகளை வைக்க விரும்புகிறேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி உரிமையாளர் சங்கங்கள், கூலிங் அழுத்தச் சோதனைக் கருவியை வாங்கி, உறுப்பினர்களுக்குக் குறைந்த வாடகையில் தர வேண்டும். ஆயில் மாதிரிகளைச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மெக்கானிக் டீசல் பிரிவில் படிக்கும் ஒவ்வொரு மாணவரும், ஓர் ஆயில் கூலரை வெந்நீரில் அமிழ்த்திச் சோதிப்பதையும், சேம்பர் கழற்றிய இன்ஜினுக்கு அழுத்தம் கொடுத்துச் சொட்டு விழும் இடத்தைக் கண்டுபிடிப்பதையும் தன் கையால் செய்து பார்த்த பிறகே சான்றிதழ் பெற வேண்டும். ஹெட்டைத் தூக்க வேண்டும் என்று சொல்லும் பட்டறை, என்ன சோதனை செய்து, எதைக் கண்டு அந்த முடிவுக்கு வந்தது என்பதை வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். உரிமையாளர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே வேலைக்குச் சம்மதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
டீசல் இன்ஜின் மெக்கானிக்,
நாமக்கல்.